உம்மாவின் விரல் முடிச்சும் ‘கவுட்’ வருத்தமும்

“போர்வையை எடுங்க மகன், காலில படுது.”

2009ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் இரவு. மணி இரண்டு இருக்கும். உம்மா அழும் சத்தம் கேட்டு எழும்பிப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வலது கால் பெருவிரலின் அடிமூட்டு செக்கச் செவேலென்று வீங்கித் தோல் மினுமினுத்துக் கொண்டிருந்தது. கிட்டே கை வைத்தாலே அனல் அடித்தது. அன்று மாலைதான் பேரப்பிள்ளைகளோடு முற்றத்தில் நின்று சிரித்துக் கொண்டிருந்தார். ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். நோவென்று வாய்விட்டு அழுததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

விடிந்ததும் வீடு நிறைய ஆட்கள். ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்றார் ஒருவர். சுளுக்கு என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு ராத்தா, “இது வாதம், இறைச்சி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை” என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நான் பார்மசிக்குப் போய் வலிக் குளிசை வாங்கி வந்தேன். நாலைந்து நாளில் நோவு தணிந்தது. பத்தாம் நாள் உம்மா வழமை போல நடந்தார். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். சுகமாகவில்லை என்பதை அறிய எங்களுக்கு எட்டு வருடம் பிடித்தது.

அந்த எட்டு வருடத்தில் நோவு வருவதும் போவதுமாக இருந்தது. முதலில் வருடத்துக்கு ஒரு முறை. பின்னர் மூன்று நான்கு முறை. பெருவிரலில் தொடங்கியது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே பார்மசி, அதே குளிசை. இதற்கிடையில் கைவிரல்களின் நுனி மூட்டுகளில் மொச்சைக்கொட்டை அளவில் முடிச்சுகள் தோன்றின. வயது போனால் விரல் கோணுவது வழமைதானே என்று நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 2017இல் ஒரு நாள் வலக்கை நடுவிரலின் முடிச்சு வெடித்து, சுண்ணாம்புக் குழம்பு போல வெள்ளையாக ஏதோ வடிந்தது. அதைக் கண்டு பயந்துதான் முறையாக ஒரு மூட்டு வைத்திய நிபுணரிடம் கூட்டிப் போனோம். அவர் விரலைப் பார்த்த மாத்திரத்திலேயே, “உம்மாவுக்கு கவுட். இது இன்றைக்கு நேற்று வந்ததல்ல” என்றார்.

எனக்கு வெட்கமாகிப் போனது. ஏனென்றால் இந்த நோயின் அரபுப் பெயரை நான் மத்ரஸாவில் ஓதும் காலத்திலேயே அகராதியில் பார்த்திருக்கிறேன். ‘நிக்ரிஸ்’ என்பார்கள். ‘தாஉல் முலூக்’, அதாவது அரசர்களின் நோய் என்றும் அதற்கொரு பெயர் உண்டு. விருந்தும் மதுவுமாக வாழ்ந்தவர்களுக்கு அதிகம் வந்ததால் அந்தப் பெயர். மருத்துவ மேதை ராஸி இந்த நோய்க்கென்றே தனி நூல் எழுதினார். இப்னு ஸீனாவும் தம் ‘அல்கானூன்’ நூலில் மூட்டு நோவுகளைப் பற்றிப் பேசும்போது நிக்ரிஸை விவரிக்கிறார். பெயர் தெரிந்திருந்தும் கண்முன்னால் நோய் கிடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அரசர்களின் நோய் எங்கள் வீட்டுக் குசினியில் நிற்கும் என் உம்மாவுக்கு எப்படி வரும் என்ற நினைப்புத்தான் கண்ணை மறைத்தது.

பெண்களுக்கு வராதா?

சகோதரிகளே, உங்களுக்காகவே இதைச் சற்று விரித்து எழுதுகிறேன். அரபு நூல்கள் ‘புக்ராத்’ என்று அழைக்கும் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸ் ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன்னரே ஒன்றைக் கவனித்திருந்தார்: மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு இந்நோய் வருவதில்லை. அதன் காரணம் இன்று விளங்கியிருக்கிறது. பெண்களின் உடலிலுள்ள ஈஸ்ட்ரஜன் சுரப்பு, யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுவதற்கு உதவுகிறது. மாதவிடாய் நின்ற பின் அந்தப் பாதுகாப்புக் குறைகிறது. இதனால் ஆண்களுக்கு முப்பது நாற்பது வயதிலேயே வரக்கூடியது பெண்களுக்கு ஐம்பது அறுபது கடந்து வருகிறது. அந்த வயதில் எந்த நோவையும் ‘வாதம்’, ‘தேய்மானம்’ என்ற இரண்டு சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

உம்மாவின் விடயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. பிரஷருக்காக அவர் நெடுநாளாக ‘நீர்க்குளிசை’ எடுத்து வந்தார். ஹைட்ரோகுளோரோதயசைட் என்று அதன் உறையில் இருந்தது. இவ்வகைக் குளிசைகள் உப்பையும் நீரையும் வெளியேற்றும். யூரிக் அமிலத்தையோ உடலுக்குள் தேக்கிவிடும். வயது போன பெண்களுக்கு கவுட் வருவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. இருதய நோய்க்குக் கொடுக்கும் சிறு அளவு அஸ்பிரினும் ஓரளவு அப்படியே. இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். பிரஷர் ஏறினால் அதைவிட ஆபத்து. வைத்தியரிடம் சொன்னால் அவர் பார்த்து மாற்றுவார். உம்மாவுக்கு லொசார்டன் என்ற குளிசைக்கு மாற்றினார்கள். அது பிரஷரையும் குறைக்கும், யூரிக் அமிலத்தையும் சிறிது இறக்கும்.

உள்ளே நடப்பது என்ன?

நம் உடலின் உயிரணுக்கள் பழையன அழிந்து புதியன தோன்றிக்கொண்டே இருக்கின்றன. அவை அழியும்போது அவற்றிலுள்ள பியூரின் என்ற பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. உடலிலுள்ள யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படி உள்ளிருந்தே வருவது. சாப்பாட்டிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குதான். பெரும் பகுதியைச் சிறுநீரகம் சலத்தோடு வெளியேற்றிவிடும். வெளியேறுவது குறைந்தால் இரத்தத்தில் சேரும். ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது கரைந்து நிற்க முடியாது. சீனிப்பாகு அளவு கடந்தால் அடியில் கற்கண்டு கட்டுவதைக் கண்டிருப்பீர்கள், அதே போலத்தான். ஊசி ஊசியான படிகங்களாக மூட்டுக்குள் படியும். குளிர்ந்த இடத்தில் கூடுதலாகப் படியும். காலின் நுனி உடம்பின் நடுப்பகுதியை விடக் குளிர்ச்சியானது என்பதால் பெருவிரலுக்கு முதலிடம். உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த ஊசிகளை எதிரியாக எண்ணித் தாக்கும்போதுதான் அந்த வீக்கமும் நெருப்பும்.

தாக்குதல் ஒரு நாளுக்குள் உச்சத்துக்கு ஏறி, ஏழு முதல் பதினான்கு நாளில் மருந்தில்லாமலே கூட அடங்கிவிடும். அதனால்தான் எண்ணெய் பூசியவருக்கு எண்ணெயில் நம்பிக்கை வருகிறது, கயிறு கட்டியவருக்குக் கயிற்றில் நம்பிக்கை வருகிறது. எனக்குப் பார்மசிக் குளிசையில் நம்பிக்கை வந்தது போல. நோவு அடங்கினாலும் படிகங்கள் மூட்டிலேயே இருக்கும். வருடக்கணக்கில் சேர்ந்து முடிச்சாகும், எலும்பை அரிக்கும், சிறுநீரகத்தில் கல்லாகவும் கட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரத்தத்தில் யூரிக் அமிலம் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். முழுமையாக அப்படியல்ல. 2013இல் உம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்த நேரத்தில் ஓரிடத்தில் இரத்தம் சோதித்தார்கள். 6.1 என்று வந்தது. “கவுட் இல்லை” என்று எழுதித் தந்தார்கள், நாங்களும் நம்பினோம். தாக்குதல் நடக்கும் வேளையில் யூரிக் அமிலம் இறங்கிச் சாதாரணமாகக் காட்டக்கூடும் என்று பின்னர்தான் நிபுணர் விளக்கினார். அடங்கி இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். 2017இல் அப்படிப் பார்த்தபோது 9.4 இருந்தது.

மறுபக்கமும் உண்டு. யூரிக் அமிலம் கூடியிருந்தும் ஒருபோதும் கவுட் வராத ஆட்கள்தான் அதிகம். உம்மாவின் நோய் தெரிந்தபின் பயத்தில் நானும் இரத்தம் கொடுத்தேன். 7.9 வந்தது. எனக்கு ஒரு மூட்டிலும் நோவில்லை. “மௌலவி, கடதாசியிலுள்ள இலக்கத்துக்கு நான் மருந்து தரமாட்டேன். உடம்பைக் கொஞ்சம் குறையுங்கள், சோடா குடிப்பதை விடுங்கள்” என்று டொக்டர் அனுப்பிவிட்டார்.

மிகவும் உறுதியான பரிசோதனை, வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் நீரெடுத்து நுண்காட்டியில் பார்ப்பது. முனைவாக்கப்பட்ட ஒளியில் ஊசிப் படிகங்கள் பளிச்சென்று தெரியும். 1961ஆம் ஆண்டிலிருந்து வைத்தியர்கள் இப்படிக் கண்டறிகிறார்கள். எங்கும் இந்த வசதி இருக்காது. பெருவிரல் திடீரென வீங்கிச் சிவந்து ஓரிரு வாரத்தில் அடங்கியது, திரும்ப வந்தது, யூரிக் அமிலமும் கூடியிருக்கிறது என்றால் அனுபவமுள்ள வைத்தியர் அதைக் கொண்டே தீர்மானிப்பார். ஆகவே நோவு வந்த திகதி, எந்த மூட்டு, எத்தனை நாள் நீடித்தது, எடுக்கும் குளிசைகள் எவை என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துக் கொண்டு போங்கள். என் மனைவி அப்படியொரு கொப்பி வைத்திருந்தார். எங்கள் இருவரின் ஞாபகத்தை விடவும் அது டொக்டருக்கு உதவியது.

ஒரு எச்சரிக்கை. மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் அது கிருமி தொற்றிய மூட்டாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; நாளைக்குப் பார்ப்போம் என்றிருந்தால் மூட்டே பழுதாகிவிடும். முன்பு கவுட் இருந்தவருக்கும் இது வரலாம். முதிய பெண்களின் முழங்காலில் ‘போலிக் கவுட்’ என்றொன்றும் வருவதுண்டு. அதில் படிவது யூரிக் அமிலமல்ல, ஒரு வகைக் கல்சியம்.

நோவு வந்த நேரத்தில்

மூட்டுக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். தேய்த்து உருவக் கூடாது. மருந்து மூன்று வகை. டைக்குளோபினாக், நெப்ரொக்சன் போன்ற வலிக் குளிசைகள்; கொல்ச்சிசின்; பிரெட்னிசொலோன். எது யாருக்கு என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். வலிக் குளிசைகள் சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் ஆகாதவை. நான் எட்டு வருடமாக உம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது இவற்றைத்தான். 2017இல் கிரியாட்டினின் பார்த்தபோது சிறுநீரகம் பலவீனப்பட்டிருப்பது தெரிந்தது. கவுட்டும் பிரஷரும் அதில் பங்காளிகள்தான். ஆனாலும் என் கையால் கொடுத்த குளிசைகளும் அந்தக் கணக்கில் இருக்கின்றன.

கொல்ச்சிசின் பழமையான மருந்து. நம் முன்னோர் ‘சூரிஞ்சான்’ என்று அழைத்த கிழங்கின் சத்து அது. 1820இல் பிரான்சு இரசாயனவியலாளர் இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். வயிற்றோட்டம் போகும் வரை மணிக்கொன்றாகக் கொடுப்பது ஒரு காலத்து வழக்கம். சிறிய அளவே அதே பலனைத் தருகிறது என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியபின் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. நோவு தொடங்கியவுடன் எடுத்தால்தான் நன்கு வேலை செய்யும். சில நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளோடு சேர்ந்தால் நஞ்சாகும் என்பதால் வேறு எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்பதை மறைக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நம் நாட்டில் நியங்கலா என்றும் கார்த்திகைப் பூ என்றும் அழைக்கப்படும் கொடியின் கிழங்கிலும் கொல்ச்சிசின் இருக்கிறது. அதைச் சாப்பிட்டு மரணித்தவர்கள் இலங்கையில் பலர். ‘அதே மருந்துதானே’ என்று யாராவது கிழங்கை அரைத்துத் தந்தால் வாயிலும் வைக்காதீர்கள். காமரங்காய்ச் சாறும் பிலிங்காய்ச் சாறும் அப்படித்தான். வெறும் வயிற்றில் கோப்பை கோப்பையாகக் குடித்து, அவற்றிலுள்ள ஒக்சலேட்டினால் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். ஆணத்துக்கு நாலு பிலிங்காய் போடுவதை நான் சொல்லவில்லை.

நோவு இல்லாத நாட்களின் மருந்து

உண்மையான வைத்தியம் இதுதான். நாங்கள் எட்டு வருடம் தவறவிட்டதும் இதைத்தான். யூரிக் அமிலத்தை 6க்குக் கீழே, முடிச்சு உள்ளவர்களுக்கு 5க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்க வேண்டும். அப்போது படிந்த படிகங்களும் மெல்ல மெல்லக் கரையும். எல்லா நோயாளிக்கும் இது தேவைப்படாது. வருடத்தில் இரண்டு மூன்று முறை வருபவர்கள், முடிச்சு உள்ளவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு அவசியம். வழமையாகக் கொடுப்பது அலோபியூரினோல். 1966இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி. தம் கூட்டாளி ஜோர்ஜ் ஹிச்சிங்ஸோடு 1988இல் நோபல் பரிசு பெற்றவர்.

உம்மாவுக்கு 100 மில்லிகிராம் குளிசையில் பாதியோடு தொடங்கினார்கள். சில வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். இரண்டாம் மாதம் கணுக்காலில் கடும் நோவு வந்தது. “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்க” என்றார் அதே ராத்தா. உம்மாவும் எங்களுக்குச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். கிளினிக்கில் இது தெரிந்ததும் டொக்டர் உம்மாவைக் கோபிக்கவில்லை, என்னைத்தான் கோபித்தார். படிந்திருந்தது கரையத் தொடங்கும்போது ஆரம்ப மாதங்களில் நோவு கூடுவது இயல்பாம். அதற்காகவே சிறு அளவு கொல்ச்சிசினைச் சில மாதம் கூடவே கொடுக்கிறார்கள். நோவு வந்தாலும் அலோபியூரினோலை நிறுத்தக் கூடாது. ஒரேயொரு விதிவிலக்கு: தோலில் தடிப்போ கொப்புளமோ, வாயில் புண்ணோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அரிதாக வருவதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. இது ஒத்துவராதவர்களுக்கு பெபுக்ஸோஸ்டட் போன்ற வேறு மருந்தும் உண்டு.

குசினியில் என்ன செய்வது?

வாதம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உம்மா பருப்பை விட்டார், கீரையை விட்டார், முட்டையை விட்டார். சோறும் ரசமுமாக மெலிந்து போனார். நோவோ குறையவில்லை. பருப்பு, கீரை, காளான் ஆகியவற்றில் பியூரின் இருந்தாலும் அவற்றால் கவுட் கூடுவதில்லை என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. முட்டையும் கொழுப்பு நீக்கிய பாலும் தாராளமாகச் சேர்க்கலாம். குறைக்க வேண்டியவை ஈரல், குடல், மூளை, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, இறால், நண்டு, நெத்தலி, சாளை. நாம் மது அருந்துவதில்லை. அந்தக் காரணம் நமக்கில்லை. அதன் இடத்தில் சோடாவும் சர்பத்தும் நம் வீடுகளில் இருக்கின்றன. சீனிப் பானங்களிலுள்ள புரக்டோஸ் உடலுக்குள் யூரிக் அமிலத்தைக் கூட்டுகிறது. விருந்தாளி வந்தால் இறைச்சியைப் பார்த்துப் பயப்படுகிறவர், பக்கத்திலிருக்கும் போத்தலைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

இவ்வளவு பத்தியம் இருந்தாலும் யூரிக் அமிலம் 1 மில்லிகிராம் அளவுதான் இறங்கும். 9.4 இல் இருந்த உம்மா பத்தியத்தால் மட்டும் 6க்கு ஒருபோதும் வந்திருக்க மாட்டார். ஆகவே வீட்டில் ஒருவருக்கு கவுட் என்றால், ‘நீ சமைத்துப் போட்டதால்தான் வந்தது’ என்று மனைவியையோ, ‘வாயைக் கட்டாததால் வந்தது’ என்று நோயாளியையோ குறை சொல்வதில் நியாயமில்லை. இந்நோய் பெரும்பாலும் பரம்பரையாலும் சிறுநீரகத்தின் தன்மையாலும் வருவது.

தொழுகையைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பார்கள். அத்தஹிய்யாத்தில் இருக்கும்போது பெருவிரல் மடங்குவதால் உம்மா கண்ணீரோடு தொழுததுண்டு. இயலாதவர் கால்களை நீட்டியோ கதிரையிலோ தொழுவதற்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது. நான் படித்துக் கொடுக்கும் பாடம் அது. அதை என் உம்மாவுக்குச் சொல்ல மறந்திருந்தேன். நோன்பைப் பொறுத்தவரை, சிறுநீரகம் பலவீனமானவர்கள் றமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். நோன்பு பிடிக்கலாம் என்று அவர் சொன்னவர்கள் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்கட்டும். அலோபியூரினோல் நாளுக்கு ஒரு முறைதான் என்பதால் நோன்பு திறந்து சாப்பிட்டபின் எடுக்கலாம்.

உம்மாவின் யூரிக் அமிலம் 2018 கடைசியில் 5.2க்கு இறங்கியது. நடுவிரலின் முடிச்சு சுருங்க இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மேலும் மோசமாகாமல் நிற்கிறது. ஒவ்வொரு கிளினிக்கிலும், “இப்ப நோவே இல்லையே டொக்டர், இந்தக் குளிசையை விடட்டுமா?” என்று மறக்காமல் கேட்பார். “நோவில்லாமல் இருப்பது இந்தக் குளிசையால்தான் உம்மா” என்று அவரும் மறக்காமல் சொல்வார்.